ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க அடிக்கிறது, கடிக்கிறது, தலைய முட்டிக்கிறது: பெத்தவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். செஷன்ல உக்காந்து இருக்கும்போது பெத்தவங்க பேச்சு வரல, எழுத மாட்டேங்குறான்னு தான் சொல்லுவாங்க, கிளம்புறப்ப செருப்ப மாட்டிக்கிட்டே "மிஸ், இன்னொண்ணு..."ன்னு இழுப்பாங்க பாருங்க, அது தான் வீட்ல அவங்கள தூங்க விடாத விஷயம். அப்படி வர்ற கேள்விகள ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். பையன்னு எழுதியிருந்தாலும் பொண்ணுக்கும் அதே தான்.

நல்லா இருந்த பையன் மிஸ், ரெண்டு வாரமா திடீர்னு தலைய செவுத்துல முட்டுறான். என்ன தெரபி குடுக்கணும்?

தெரபிய அப்புறம் பாக்கலாம், மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. புதுசா, திடீர்னு ஆரம்பிச்சதுன்னா உடம்புல எங்கயாவது வலி இருக்கான்னு தான் மொதல்ல பாக்கணும். காது சீழ், சொத்தைப் பல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, இதெல்லாம் நமக்கு வந்தா "வலிக்குது"ன்னு சொல்லிருவோம், அவனுக்கு அத சொல்ற வழி இல்ல, அதனால வலிக்கிற இடத்தையே அடிச்சுக்குவான். கன்னத்துலயே அடிச்சா பல்லப் பாருங்க, சாப்பிட்ட பிறகு மட்டும் முட்டுனா வயித்தப் பாருங்க. மலச்சிக்கல நிறைய பேரு கணக்குலயே எடுக்குறதில்ல, "தினமும் போறான் மிஸ்"னு சொல்லுவாங்க, டாக்டர் வயித்த அமுக்கிப் பாத்தா கல்லு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் எங்கயோ வெறிச்சுப் பாக்குறது, அப்புறம் குழப்பமா இருக்குறதுன்னு ஏதாவது கண்ணுல பட்டா ஃபிட்ஸ் இருக்கான்னு நியூராலஜிஸ்ட்கிட்ட கேளுங்க, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு வலிப்பு வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம், வயசுக்கு வர்ற பருவத்துல கூட புதுசா ஆரம்பிக்கலாம்.

தலையில பலமா அடிபட்ட பிறகு வாந்தி, அசதி, தூக்கம் தூக்கமா வந்தா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. கண்ணையோ தலையையோ தொடர்ந்து அடிச்சுக்கிற பிள்ளைக்கு கண் டாக்டர் செக்கப்பும் வேணும், விழித்திரை பிரிஞ்சு பார்வையே போயிடலாம்.

காரணமே இல்லாம அடிக்கிறான். எங்களுக்கு ஒண்ணும் புரியல.

காரணம் இருக்கும், நமக்குத் தெரியலங்குறது தான் விஷயம். அமெரிக்காவுல பிரையன் இவாட்டான்னு ஒரு உளவியலாளர், 1982ல அவரும் கூட இருந்தவங்களும், தன்னைத்தானே காயப்படுத்திக்கிற பிள்ளைங்கள வேற வேற சூழ்நிலையில வச்சுப் பாத்தாங்க: வேலை குடுத்து, தனியா விட்டு, கூட விளையாடி, அடிச்சுக்கிட்டா மட்டும் கவனிச்சு. அடிச்சுக்கிறது வெளியில பாக்க ஒண்ணு தான், ஆனா ஒருத்தனுக்கு அது வேலையில இருந்து தப்பிக்கிற வழியா இருந்துச்சு, இன்னொருத்தனுக்கு யாரும் இல்லாதப்ப தான் அதிகமாச்சு. அதுக்கப்புறம் இந்தத் துறையே அந்தப் பாதையில தான் போகுது.

பொதுவா நாலு காரணம் பாப்போம். ஒண்ணு, பிடிக்காததுல இருந்து தப்பிக்க. ரெண்டு, வேணுங்குற பொருள் கிடைக்க. மூணு, யாராவது நம்ம பக்கம் திரும்ப, திட்டுனாக்கூட பரவால்ல. நாலு, உடம்புக்கு அந்த உணர்வு தேவைப்படுது, இல்ல ஒரு சத்தத்தையோ வெளிச்சத்தையோ தாங்க முடியல. ஒரே பையனுக்கு காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மாறும், அதனால தான் "என் பையன் அடிக்கிறான், என்ன செய்யணும்"னு மட்டும் யாராவது வாட்ஸ்அப்ல கேட்டா என்னால பதில் சொல்ல முடியறதில்ல.

அத எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் எழுதுங்க: எத்தனை மணி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன பண்ணான், அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணீங்க. கடைசிக் கட்டத்த தான் எல்லாரும் விட்டுருவாங்க, அதுல தான் பாதி பதில் இருக்கும். "கத்துனான், ஃபோனக் குடுத்தேன்." "தட்டத் தள்ளுனான், சரி போடான்னு விட்டுட்டேன்." எழுதி வச்சுப் பாத்தா கத்துனதுக்கு என்ன கிடைச்சுதுன்னு தெரியும். ஒருத்தர் மேலயும் பழி போட எழுதல, அதனால பொய் எழுதாதீங்க, பாட்டி பிஸ்கட் குடுத்ததையும் எழுதுங்க.

கூடவே நைட்டு எவ்வளவு நேரம் தூங்குனான், மோஷன் போனானா, வீட்ல விருந்தாளி வந்தாங்களா, கரண்ட் கட்டான்னு ஒரு வரி. ரெண்டு வாரம் எழுதுனாலே பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரிஞ்சுரும். ஸ்கூல் வேன் வர்றதுக்கு முன்னாடி மட்டும், இல்ல குக்கர் விசில் அடிக்கிற நேரம் மட்டும், இல்ல தூங்காத நாளுக்கு மறுநாள் மட்டும்னு. எழுத நேரமில்லன்னா ஃபோன்ல வாய்ஸ் நோட்டாவது போட்டு வைங்க. வீடியோ எடுத்தா சண்டை நடக்குற இடத்த விட அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் தான் எனக்கு வேணும்.

இது அடமா, இல்ல மெல்ட்டவுனா?

அடத்துக்கு ஒரு குறி இருக்கும். நீங்க பாக்குறீங்களான்னு ஓரக்கண்ணால பாப்பான், கேட்டது கைக்கு வந்ததும் நின்னுரும். மெல்ட்டவுன்ங்குறது தாங்க முடியாம மொத்தமா உடைஞ்சு போறது, அப்ப கேட்டதக் குடுத்தாலும் நிக்காது, யாரும் பாக்கலன்னாலும் நடக்கும், முடிஞ்சதும் களைச்சுப் போய் படுத்துருவான். ஆனா இதுல ரொம்ப மெனக்கெடாதீங்க, அடமா ஆரம்பிச்சு பாதி வழியில மெல்ட்டவுனா மாறுறதும் உண்டு. நடந்துட்டு இருக்குற நேரத்துல ரெண்டுக்கும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒண்ணு தான்.

அந்த நேரத்துல என்ன செய்யணும்? கை கால் ஓட மாட்டேங்குது.

கத்துக்குடுக்குற நேரம் அது இல்லங்க. அந்த நேரத்துல யாருக்கும் அடிபடக் கூடாது, அவ்வளவு தான் குறிக்கோள். பேச்சக் குறைங்க, "ஏன் இப்படிப் பண்ற, அம்மா பாவம்ல"ன்னு ஆளுக்கு ஒரு பக்கம் பேசுனா ஏற்கனவே நிறைஞ்சு வழியுற தலைக்குள்ள இன்னும் சத்தத்த ஊத்துற கதை தான். ஒருத்தர் மட்டும் கிட்ட இருங்க, மத்தவங்க தம்பி தங்கச்சிய கூட்டிட்டு அடுத்த ரூமுக்குப் போங்க. டிவிய ஆஃப் பண்ணுங்க, முடிஞ்சா லைட்டக் குறைங்க. கண்ணாடி, கத்தரி, சூடான பாத்திரம் எதுவும் கை எட்டுற தூரத்துல வேணாம். நேருக்கு நேர் நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல நில்லுங்க, வாசல அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க.

முடியப் புடிச்சுட்டான்னா இழுக்காதீங்க, அவன் கைய உங்க தலையோட சேத்து அழுத்திப் புடிச்சுக்கங்க, வலி கம்மியாகும், பிடி தளரும்போது விரல மெதுவா எடுக்கலாம். கடிச்சா கைய வெடுக்குன்னு உருவுனா தான் சதை கிழியும், உருவாம அந்தப் பக்கமாவே லேசா அழுத்துனா வாய் தானா தளரும். தலைய முட்டுறப்ப தலைக்கும் செவுத்துக்கும் நடுவுல தலகாணிய வைங்க.

ஒண்ணு மட்டும் எப்பவும் செய்யாதீங்க, குப்புறப் போட்டு முதுகு மேல உக்காந்து அமுக்குறது. மூச்சு நின்னு உயிர் போயிடும், வெளிநாட்டுல பயிற்சி எடுத்த ஸ்டாஃப் கையிலயே அப்படிப் பிள்ளைங்க செத்திருக்காங்க.

முடிஞ்ச உடனே விசாரணை வேணாம். தண்ணி குடுங்க, விட்டுருங்க. உடனே ஹோம்வொர்க்க எடுத்தீங்கன்னா திரும்ப ஆரம்பிக்கும்.

சரி, அப்ப எப்பத்தான் கத்துக்குடுக்குறது?

அமைதியா இருக்குற நேரத்துல. ஞாயித்துக்கிழமை காலையில சிரிச்சுக்கிட்டு இட்லி சாப்பிடுறான் பாருங்க, அப்ப. நல்லா தானே இருக்கான், எதுக்குக் கிளறணும்னு அந்த நேரத்த விட்டுடுறோம்.

1985ல எட்வர்ட் கார், மார்க் டுராண்டுன்னு ரெண்டு பேரு ஒரு ஆய்வு பண்ணாங்க. பாடம் கஷ்டமா இருக்குறப்ப முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு "எனக்குப் புரியல"ன்னு சொல்லக் கத்துக்குடுத்தாங்க, டீச்சர் கவனிக்காதப்ப முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு "நான் நல்லாப் பண்றேனா"ன்னு கேக்கக் கத்துக்குடுத்தாங்க. பிரச்சனை நல்லாவே குறைஞ்சுது. இதுல எனக்குப் பிடிச்ச இடம் என்னன்னா, காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தக் கத்துக்குடுத்தப்ப ஒண்ணும் குறையல. அதாவது ஏதோ ஒரு பேச்ச சொல்லிக்குடுத்தா போதாது, அடிச்சு அவன் என்ன வாங்குனானோ அதையே வாங்கித் தர்ற பேச்சா இருக்கணும். அதுக்குத் தான் அந்த நோட்டு.

பேச்சு இல்லன்னா பரவால்ல. "போதும்", "ரெஸ்ட் வேணும்", "ஹெல்ப்"னு படம் போட்ட அட்டை, இல்ல ஒரு கை சைகை, இல்ல டேப்ல ஒரு பட்டன். ஆவாஸ்னு நம்ம சென்னையில உருவான ஆப் இருக்கு, படத்தத் தொட்டா அது பேசும். அட்டையப் பாத்துப் பழகுனா பேச்சே வராதுன்னு பயப்படாதீங்க, அப்படி நடக்குறதில்ல. ஆரம்பத்துல "போதும்" அட்டையக் காட்டுனா உடனே, ஒவ்வொரு தடவையும், நிஜமாவே நிறுத்தணும், "இன்னும் ஒரே ஒரு வரி"ன்னு பேரம் பேசுனீங்கன்னா அந்த அட்டைய விட கடிக்கிறதே வேகமா வேலை செய்யுதுன்னு அவன் கண்டுபிடிச்சுருவான். பழகுன பிறகு மெதுவா "இது முடிச்சுட்டு போதும்"னு நீட்டலாம்.

கண்டுக்காம விட்டா தானா நின்னுரும்னு சொல்றாங்களே?

கவனத்துக்காகப் பண்ணா தான் அது வேலை செய்யும். வேலையில இருந்து தப்பிக்கத் தட்டத் தூக்கி எறியுறவன கண்டுக்காம விட்டா அவன் கேட்டதக் குடுத்த மாதிரி தான், "போய் மூலையில உக்காரு"ன்னு தண்டனை குடுத்தாலும் அவனுக்கு லீவு தான். ரெண்டாவது, இதுவரைக்கும் கிடைச்சுட்டு இருந்தது நின்னா மொதல்ல கொஞ்ச நாள் இன்னும் அதிகமாகும், சத்தம் போட்டவன் உதைப்பான். அந்த உச்சத்துல பயந்து போய் குடுத்துட்டா இனிமே உதைச்சா தான் கிடைக்கும்னு நாமளே கத்துக்குடுத்ததா ஆயிரும். அதனால மாத்து வழிய முதல்ல சொல்லிக்குடுத்துட்டு, வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டு, அப்புறம் ஆரம்பிங்க. தன்னையே காயப்படுத்திக்கிறத எந்தக் காரணத்துக்கும் வேடிக்கை பாக்கக் கூடாது, அதுக்கு இந்தத் துறை தெரிஞ்ச ஆள் துணையோட தான் பிளான் போடணும்.

ரெண்டு அடி போட்டா அடங்குறானே மிஸ்?

அந்த நிமிஷம் அடங்குவான். காரணம் அங்கேயே இருக்கு, கூட உங்க மேல பயமும் சேந்துச்சு, பெரியவங்க சொல்ல முடியாதப்ப அடிப்பாங்கன்னு ஒரு பாடமும் ஆச்சு. பதினாறு வயசுல உங்க உயரத்துக்கு வந்து நிப்பான், அப்ப யாரு யாரை அடிக்கிறது? சூடு போடுறது, மொளகாப் பொடி, இதெல்லாம் குற்றம், பேசவே வேணாம்.

கட்டிப் போடுறதும் அப்படித்தான். 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து நம்ம யாருக்கும் மறந்திருக்காது, சங்கிலியில கட்டி வச்சிருந்ததால தீயில இருந்து தப்பிக்க முடியாம 28 பேரு செத்தாங்க. 2017 மனநலச் சட்டம் மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. ஒரு ஹோமுல சேக்கப் போறீங்கன்னா அறிவிப்பு குடுக்காம ஒரு நாள் போய்ப் பாருங்க, உள்ள விடலன்னா அங்க சேக்காதீங்க.

கைய ஆட்டிக்கிட்டே குதிக்கிறான், அத நிறுத்த வேணாமா?

யாருக்கு என்ன தொந்தரவு? விட்டுருங்க. அது அவனுக்கு மனச நிதானப்படுத்துற வழி, அத அடக்குனா வேற ரூபத்துல வெளிய வரும். பக்கத்து வீட்டுக்காரங்க பாக்குறாங்கங்குறது பிள்ளையோட பிரச்சனை இல்ல.

கல்யாண மண்டபம், தீபாவளின்னா நரகமா இருக்கு. போகவே கூடாதா?

நாதஸ்வரம் தவில், ஜிகினா லைட்டு, பட்டுச் சட்டை உறுத்தல், தெரியாதவங்க கன்னத்தக் கிள்ளுறது, பந்தியில இடிபடுறது, எல்லாம் ஒரே நேரத்துல. யோசிச்சுப் பாத்தா நமக்கே தலைவலி வர்ற இடம் அது. சத்தம், வெளிச்சம், தொடுதல் இதெல்லாம் அளவுக்கு மீறித் தாக்குறத 2013ல வந்த டி.எஸ்.எம்-5ல, அதாவது மனநல டாக்டருங்க நோயக் கண்டுபிடிக்க வச்சிருக்குற அமெரிக்கக் கையேட்டுல, ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணாவே சேத்துட்டாங்க.

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் போயிட்டு வாங்க போதும். முன்னாடியே அந்த மண்டபத்தோட ஃபோட்டோவக் காட்டி "மொதல்ல மண்டபம், அப்புறம் வீடு, அப்புறம் ஊஞ்சல்"னு வரிசையா படம் வச்சு சொல்லுங்க. பழைய பருத்திச் சட்டைய உள்ள போட்டு விடுங்க. காதுக்கு சத்தம் குறைக்கிற ஹெட்ஃபோன், கதவுக்குப் பக்கத்துல சீட்டு, வெளிய நிக்கிற வண்டி சாவி உங்க கையில. அவன் உடையறதுக்கு முன்னாடி கிளம்புங்க, உடைஞ்ச பிறகு கிளம்புனா அது வேற பாடமாப் போகும். சொந்தக்காரங்க கோச்சுக்குவாங்க, கோச்சுக்கட்டும்.

தீபாவளிக்கு வெடி கம்மியா இருக்குற ஊரு, பீச் ரிசார்ட்டுன்னு கிளம்புற குடும்பங்கள் நிறைய உண்டு. முடியலன்னா உள் ரூம், ஜன்னல அடைச்சு, ஃபேன், பிடிச்ச பாட்டு.

கதவு திறந்திருந்தா ஓடிப் போயிடுறான்.

இதுல தாமதமே வேணாம், இந்தப் பக்கத்துலயே உயிருக்கு நேரடி ஆபத்து இது தான். நிறைய ஆட்டிசம் பிள்ளைங்களுக்குத் தண்ணின்னா இழுக்கும், ஓடிப் போற பிள்ளைங்க சாவுல தண்ணியில மூழ்குறது முக்கியமான காரணம். அதனால காணோம்னா மொதல்ல கிணறு, குளம், சம்ப்பு, கால்வாய், நீச்சல் குளம், அப்புறம் தான் தெரு. அதே நேரம் ஒருத்தர் 112க்கு அடிக்கணும், குழந்தைன்னா 1098ம்.

கதவுக்கு மேல எட்டாத உயரத்துல தாழ்ப்பாள், திறந்தா சத்தம் வர்ற மணி, சம்ப்புக்கும் கிணத்துக்கும் மூடி போட்டுப் பூட்டு. சட்டை உள்பக்கத்துல ஃபோன் நம்பர் எழுதுங்க, கையில வளையம் மாட்டுனா கழட்டிப் போடுற பிள்ளைங்க உண்டு. வாட்ச்மேன், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இவங்களுக்கு ஒரு தடவை பிள்ளைய நேர்ல காட்டி வைங்க, வெக்கப்பட வேணாம். நீச்சலும் கத்துக்குடுங்க. எதப் பாத்து ஓடுறான், எதுல இருந்து ஓடுறான்னு நோட்டுல எழுதுனா பாதி ஓட்டத்த முன்னாடியே தடுக்கலாம், மோட்டாரப் பாக்கத் தான் ஓடுறான்னா தினமும் நாலு மணிக்கு நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

ஸ்கூல்ல இருந்து தினமும் ஃபோன் பண்ணி கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க.

வீட்டுக்குப் போறதுக்காகவே பண்றான்னா, ஒவ்வொரு ஃபோனும் நாளைக்கும் நடக்குறதுக்கு வழி. எந்தப் பீரியட்ல நடக்குதுன்னு மட்டும் எழுதித் தரச் சொல்லுங்க. சத்தமான அசெம்பிளிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டா வர்றது, காப்பி ரைட்டிங்க பாதியாக் குறைக்கிறது, வராண்டாவுல ரெண்டு நடை, இந்த மாதிரி சின்ன மாத்தம் கேளுங்க. தயவு தாட்சண்யமா கேக்க வேணாம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் இருக்கு, தேவைக்குத் தகுந்த வசதி செஞ்சு குடுக்குறது பள்ளியோட கடமைன்னு இருக்கு. அதுக்காக மொத மீட்டிங்லயே சட்டத்த எடுத்து மேசையில போடாதீங்க, கிளாஸ் டீச்சர் நம்ம பக்கம் இருக்குறது சட்டத்த விட அதிகமா வேலை செய்யும்.

வயசுக்கு வந்துட்டான், எல்லார் முன்னாடியும் பேண்ட்டுக்குள்ள கை வைக்கிறான்.

உடம்பு வளருது, அது தப்பு இல்ல, இடம் தான் தப்பு. "ச்சீ"ன்னு அடிக்காம, ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை, "உன் ரூம், கதவ சாத்து". அரிப்பு, புண், டைட்டான ஜட்டி இருக்கான்னும் பாத்துக்கங்க. கட்டிப் பிடிக்கிற பழக்கத்த சின்ன வயசுலயே வீட்டாளுங்களுக்கு மட்டும்னு வச்சு, வெளி ஆளுங்களுக்கு வணக்கமோ கை குலுக்கலோன்னு மாத்திருங்க, அஞ்சு வயசுல கொஞ்சுற ஊரு பதினஞ்சுல போலீஸக் கூப்பிடும். பொண்ணுன்னா பீரியட்ஸ் தேதிய அதே நோட்டுல குறிங்க, மாசத்துல குறிப்பிட்ட நாள்ல மட்டும் கோவம் வருதுன்னா வயித்து வலிக்கு மருந்து கேக்கலாம்.

மாத்திரை குடுத்தா மந்தமாயிடுவானா?

ஆட்டிசத்துக்கு மாத்திரை கிடையாது, கடுமையான எரிச்சல், ஆவேசம், தன்னைக் காயப்படுத்துறதுக்கு உண்டு. ரிஸ்பெரிடோனுக்கு 2006லயும் அரிபிப்ரசோலுக்கு 2009லயும் அமெரிக்காவுல மருந்துகளுக்கு அனுமதி குடுக்குற எஃப்.டி.ஏ இதுக்காகவே அனுமதி குடுத்துச்சு. உதவுது, கூடவே பசியும் எடையும் ஏறும், தூக்கம் வரும், சிலருக்கு கை கால் இறுக்கம், நடுக்கம். எடை, இடுப்பளவு, ரத்தத்துல சர்க்கரை கொழுப்பு எல்லாம் அப்பப்ப பாக்கணும். நீங்களா கூட்டக் குறைக்க, திடீர்னு நிறுத்த வேணாம். எதுக்காகக் குடுக்குறோம், எப்ப திரும்பப் பாப்போம்னு மொத நாளே டாக்டர்கிட்ட கேளுங்க, வருஷக்கணக்கா யாரும் கேக்காமயே ஓடிட்டு இருக்குற சீட்டுகளப் பாத்திருக்கேன். என் கருத்து, பிள்ளைக்கு அடிபடுற அளவுக்குப் போனா மாத்திரைக்குப் பயந்து தள்ளிப் போடாதீங்க, ஆனா நோட்டு போடாம மாத்திரை மட்டும் வேணாம்.

ஸ்டெம் செல் சிகிச்சை பண்ணா இதெல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

வேணாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கலன்னு 2022லயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிருச்சு. அந்த லட்சங்கள தூக்கத்துக்கும் தெரபிக்கும் வச்சுக்கங்க.

"நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட"ன்னு மாமியார் சொல்றாங்க.

உலகத்துலயே பெரிய டாக்டருங்க இதையே இன்னும் மோசமா சொல்லியிருக்காங்க. 1950கள்ல அம்மா பாசமில்லாம ஜில்லுன்னு இருக்குறதால தான் ஆட்டிசம் வருதுன்னு நம்புனாங்க, 1964ல பெர்னார்ட் ரிம்லாண்டுன்னு ஒரு உளவியலாளர், அவருக்கே ஆட்டிசம் உள்ள பையன், இது மூளை சம்பந்தப்பட்டதுன்னு வாதாடி எழுதுனாரு, அப்புறம் தான் அந்தப் பேச்சு ஓஞ்சுது. அம்மா மேல பாசம் இல்லன்னு ஒரு காலம், பாசம் அதிகம்னு இப்ப. மாமியாரோட விவாதம் பண்ணாதீங்க, அடுத்த செஷனுக்குக் கூட்டிட்டு வாங்க, நோட்டுல ஒரு வாரம் அவங்களையே எழுதச் சொல்லுங்க. வாரத்துல ரெண்டு மணி நேரமாவது வேற ஒருத்தர் பிள்ளையப் பாத்துக்க, நீங்க தூங்கவோ வெளிய போகவோ ஏற்பாடு பண்ணுங்க, தூங்காத அம்மாவால மேல சொன்ன எதையும் செய்ய முடியாது.

யாரைப் பாக்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

சின்னப் பிள்ளைன்னா அரசு ஆஸ்பத்திரியில இருக்குற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், ஃப்ரீ. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல ஈ.சி.ஆர் மேல இருக்குற மத்திய அரசோட நீப்மெட், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். ஆவேசம் அதிகம்னா குழந்தைகள் மனநல டாக்டர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துட்டு நிராமயா இன்சூரன்ஸ்லயும் சேருங்க, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், வழக்கமான தெரபி செலவுக்கும் அதுல இடம் இருக்கு. டாக்டர் ரூம்ல பிள்ளை சமத்தா உக்காந்துருவான், அதனால வாயால சொல்றத நம்பி இருக்காம அந்த நோட்டு, ரெண்டு சின்ன வீடியோ, இதுவரைக்கும் குடுத்த மாத்திரைச் சீட்டு எல்லாம், பல் டாக்டர் காது டாக்டர் பாத்த ரிப்போர்ட்டு, இத்தனையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. காத்திருக்குற நேரத்துக்கு ஹெட்ஃபோன், தின்னக் குடுக்க ஏதாவது, மாத்து டிரெஸ் ஒரு செட்டு. டோக்கன் மட்டும் அப்பா முன்னாடியே போய் வாங்கிட்டு, நம்பர் வர்றப்ப ஃபோன் பண்ணா நீங்க வண்டியில இருந்து இறங்கலாம்.